அம்மாவுக்கு நற்கருணை கொண்டுபோகிறவள்

ஜூன் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், அண்ணன் போனைப் பிடுங்கி "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்பான். அதனால்தான் தாளும் பேனாவும்.

நேற்று இங்கே ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறையிலிருந்து வந்த கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி, கிருமி கொல்லும் ஆவிப்பெட்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தான். பீடத்தின் படியில் ஆறு பேர். கடைசியில் வெள்ளை உடையில் நீங்கள். கீழே அவன் எழுதியிருந்தது: "உன் அண்ணி இப்ப நற்கருணைப் பணியாளர். ஆயர்கிட்டேருந்து மூணு வருஷத்துக்கு அனுமதி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கும் இவதான் குடுக்கறா."

ஆறு சனிக்கிழமை பயிற்சிக்குப் போனீர்களாம். அந்த ஆறு வாரத்தில் நான் எத்தனை தடவை போன் செய்தேன்? மாடிக் குழாய் ஒழுகியது, அண்ணனுக்குச் சளி பிடித்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாம் சொன்னீர்கள். இதை மட்டும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தது யார்? நம் வீட்டுச் சமையலறையில், இடது தோள் முதலா வலது தோள் முதலா என்று தடுமாறித் தடுமாறி நீங்கள் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டுமே என்று விசுவாசப் பிரமாணத்தை வெறும் மாத்திரைப் பெட்டிகளின் உள்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான் ஏழு வயதில் முதல் நற்கருணை வாங்கியவள். பதினான்கு வயதிலிருந்து கோவிலில் வாசகம் வாசித்தவள். இங்கே என் பங்குக் கோவிலில் நற்கருணைப் பணிக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "ஞாயிறு டியூட்டி இருக்கறவங்களை எப்படிம்மா போடறது?" என்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும். இரண்டாவது முறை நான் அழுதபோது போனில் ஆறுதல் சொன்னவர் நீங்கள்தானே.

எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

மற்ற வீடுகளுக்குப் போங்கள், கோவிலில் நின்று கொடுங்கள், அது உங்கள் பாடு. அம்மாவுக்கு வேண்டாம். மாதம் ஒரு தடவை சாமியார் வந்து கொடுக்கிறாரே, அது அம்மாவுக்குப் போதும்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன்னிடம் சொல்லாதது தப்பு. ஒவ்வொரு தடவை நீ கூப்பிட்டபோதும் நாக்கு நுனி வரை வந்தது. நீ அழுத அழுகை ஞாபகம் வரும். உடனே பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசிவிடுவேன்.

நானாகப் போய்க் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பங்குச் சாமியார் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தார், இரத்த அழுத்த மாத்திரை வாங்க. நான் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். "நடக்க முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் நீங்களே மருந்து கொண்டுபோய்க் குடுக்கறீங்களாமே, எந்தெந்த வீடு?" என்று கேட்டார். பதினொரு வீடு சொன்னேன். "அதுல ஏழு வீடு என் பட்டியல்லயும் இருக்கு. நான் ஒருத்தன். மாசம் ஒரு தடவைதான் போக முடியுது. நீங்க வாராவாரம் போறீங்க. இதையும் கொண்டு போறீங்களா?" என்றார். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "ஃபாதர், நான் இதுல பிறந்தவ இல்ல" என்றேன். "நான் மட்டும் அங்கியோடவா பிறந்தேன்?" என்றார்.

பயிற்சியில் எல்லாம் கையைப் பற்றித்தான். நற்கருணை வைக்கும் சிமிழை எப்படித் திறப்பது, இரண்டு விரலில் எப்படி எடுப்பது, கீழே விழுந்தால் என்ன செய்வது, விழுங்க முடியாதவருக்கு எவ்வளவு சின்னத் துண்டாகப் பிட்டுக் கொடுப்பது. இருபது வருடமாக மாத்திரை எண்ணின கைக்கு இதெல்லாம் புதுசு இல்லை. ஆனாலும் முதல் நாள் எனக்கு விரல் மரத்துப்போனது.

சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும்போது வழியில் நின்று பேசக்கூடாது. அதுதான் பெரிய பாடு. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "அக்கா, அந்த மஞ்ச மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். முன்னாலா பின்னாலா என்று அந்த ஆட்டலிலிருந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேச்சு.

இப்போது அத்தை விஷயம். உன் அண்ணன் சொல்லக்கூடாது என்றார், சொல்கிறேன். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து அத்தை நற்கருணை வாங்கவில்லை. மூன்று மாதமும் சாமியார் வந்தார். மூன்று மாதமும் அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மறதி வந்ததில் எல்லாம் போன மாதிரி இதுவும் போய்விட்டது என்று நினைத்தோம்.

அந்த முதல் ஞாயிறு நான் சிமிழைத் திறந்து, "கிறிஸ்துவின் உடல்" என்றேன். பார்த்தார். வாயைத் திறந்தார். "ஆமென்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். உன் அண்ணன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் அழுதால் அங்கேதான் நிற்பார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. வேறு யார் கையிலும் வாங்காதவர் என் கையில் வாங்குகிறார். நீ நிறுத்தச் சொல்கிறாய். நிறுத்த மாட்டேன். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூலை 2

அண்ணிக்கு,

'என் கையில் வாங்குகிறார்.' இந்த வரியைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்களுக்கு எல்லாம் மறந்துவிட்டதா? கல்யாணமான முதல் வருடம் அம்மா உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினாரா? அண்ணன் நம் வேதத்தில் இல்லாத பெண்ணைக் கட்டிவிட்டான் என்று தனியாக ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துச் சமைத்தாரே. நீங்கள் தொட்ட டம்ளரை மறுபடி கழுவி வைத்தாரே. தொட்டியடியில் நின்று சத்தமில்லாமல் நீங்கள் அழுதபோது பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தது யார்? அம்மாவிடம் போய் உங்களுக்காகச் சண்டை போட்டது யார்?

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அம்மாவுக்கும் நான் வேண்டும், உங்களுக்கும் நான் வேண்டும். இருவருக்கும் நடுவில் நின்றால்தான் எனக்கு உயரம். இப்போது அம்மா கட்டிலிலும் நீங்கள் கட்டிலருகிலுமாக இருக்கிறீர்கள். நடுவில் ஆள் தேவையில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் தெரியுமா? யார் வயிற்றைக் கிழித்ததென்று தெரியாத கருவியை, யார் இரத்தமென்று தெரியாமல் கழுவுகிறேன். ஒன்பது வருடம். அனுப்புகிற பணத்தில்தான் அம்மாவுக்குக் காற்று மெத்தை வந்தது. மெத்தையில் நான் படுக்கவா முடியும்? ஞாயிறு காலை இங்கே இயந்திரம் முன்னால் நிற்கும்போது மணி பார்ப்பேன். இப்போது அங்கே அம்மா கட்டிலருகில் நீங்கள் நிற்பீர்கள். அம்மா வாயைத் திறப்பார்.

உங்களிடம் கெஞ்சிப் பயனில்லை. பங்குச் சாமியாருக்கு எழுதிவிட்டேன். மொட்டைக் கடிதம் இல்லை, என் பெயரைப் போட்டிருக்கிறேன். உங்கள் ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் கோவில் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் காதில் சொன்னதையும் எழுதினேன். "ஒரு மாவு வில்லைக்கா இத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க?" நான் மறக்கவில்லை. அப்படிச் சொன்னவர் கையால் என் அம்மாவுக்கு வேண்டாம், மகள் என்கிற முறையில் கேட்கிறேன் என்று எழுதினேன்.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

உன் கடிதம் சாமியாருக்குக் கிடைத்தது. கூப்பிட்டார். பங்கு அலுவலகத்தில் மேசை மேல் உன் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன் மாத்திரைப் பெட்டியில் படித்த கையெழுத்தல்லவா?

"இது நீங்க சொன்னதா?"

"சொன்னதுதான் ஃபாதர்."

"இப்ப என்ன சொல்வீங்க?"

"இப்ப ஒண்ணும் சொல்றதில்ல ஃபாதர். கையில இருக்கறப்ப பேச்சே வர்றதில்ல."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. கோவில்ல நில்லுங்க, மத்த வீட்டுக்கெல்லாம் போங்க. உங்க வீட்டுக்கு மட்டும் கொஞ்ச நாள் வேற ஆள் வரட்டும். அந்தக் கட்டில் பக்கத்துல ரெண்டு பேரு இழுபறி வேண்டாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். நீ கேட்டது கிடைத்தது.

வேறு ஆள் என்றால் யார் தெரியுமா? ரிட்டயரான பஸ் கண்டக்டர். தங்கமான மனுஷன். ஆனால் முப்பது வருடக் குரல் போகுமா? அத்தையிடம் குனிந்து, "வாயைத் திறங்க, கொஞ்சம் திறங்க, இன்னும் திறங்க" என்கிறார், கூட்டத்தை உள்ளே தள்ளுகிற மாதிரி. முதல் ஞாயிறு அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டார். அவர் செபம் சொல்லிவிட்டுக் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோனார்.

இரண்டாவது ஞாயிறு, சின்னத் துண்டாகப் பிட்டு, கரண்டித் தண்ணீரில் வைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அத்தை தண்ணீர் என்று நினைத்து வாங்கினார். அடுத்த நொடி துப்பிவிட்டார். விரிப்பில் விழுந்தது. கண்டக்டர் அப்படியே விறைத்து நின்றார். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி ஆனால் தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்ற வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எடுத்தேன். என் வாயில் போட்டு விழுங்கிவிட்டேன்.

எச்சில்தான். இருமல் மருந்து வாடை அடித்தது. நான் தொட்ட டம்ளரைக் கழுவி வைத்த மனுஷி வாயிலிருந்து வந்தது. விழுங்கின பிறகுதான் அதுவும் தோன்றியது. கண்டக்டர் போகும்போது வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார். எனக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது.

மூன்றாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு, மறுபடி சுவர்ப்பக்கம்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். நான் கர்வத்தோடு எழுதினேனே, அந்த முதல் ஞாயிற்றைப் பற்றி, அதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன். சிமிழைத் திறந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்து, "வந்துட்டியா தும்பி" என்றார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

தும்பி. ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை என்று அவர் உனக்கு வைத்த பெயர். அவரைத் தவிர யாரும் கூப்பிடாத பெயர். நான்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, எனக்கு உரிமையில்லை என்று.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். மற்ற ஆறு நாளும் நான் அவருக்கு "ஏம்மா". கழுவிவிடுகிற, துணி மாற்றுகிற, புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிற ஏம்மா. சிமிழைத் திறந்தால் மட்டும் நான் நீ. ஒரு ஞாயிறு எனக்குத் தாங்கவில்லை. "நான் தும்பி இல்ல அத்தை, உங்க மருமக" என்றேன். வாயை மூடிக்கொண்டார். நின்று பார்த்தேன், திறக்கவில்லை. கடைசியில், "சரிம்மா, தும்பிதான் வந்திருக்கேன்" என்றேன். திறந்தார். 'அம்மா' என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் உன் பெயரில்.

உனக்குப் பொறாமை என்று எழுதினாய். எனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. நீ அங்கே இருந்துகொண்டே இங்கே இருக்கிறாய். நான் இங்கேயே இருக்கிறேன், ஆனாலும் இல்லை.

சாமியாரிடம் இதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் இப்போதுதான்.

அண்ணி

*

ஆகஸ்ட் 13

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். அம்மா என்னைத்தான் கேட்கிறார், என்னைத்தான் என்று உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூட வேலை செய்பவள் எட்டிப் பார்த்து, "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள். விரிப்பில் விழுந்ததை நீங்கள் எடுத்து விழுங்கினீர்களே, அந்தப் பத்தியை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. கண் அந்தப் பெயருக்கே ஓடியது. மறுநாள்தான் அதைப் படித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாமியாருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், முதல் கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லி. காதில் சொன்ன பேச்சைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு எழுதினவள் நான்தான் என்றும் எழுதினேன். அம்மாவுக்கு நீங்களே கொடுங்கள்.

இருபத்தைந்தாம் தேதியிலிருந்து பத்து நாள் லீவு தந்திருக்கிறார்கள். வருகிறேன். அம்மா என்னைப் பார்க்கட்டும்.

நாத்தனார்

*

செப்டம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

போய்ச் சேர்ந்ததை உன் அண்ணனுக்கு மட்டும் சொன்னாயாம். நல்லது.

லீவு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஞாயிறு மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டாய். "டிக்கெட் அப்படித்தான் கிடைச்சுது" என்று அண்ணனிடம் சொன்னாய். அவர் நம்பினார். அவர் எதைத்தான் நம்பமாட்டார்?

அந்த ஒரு வாரம் நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். முதல் நாள் ஓடி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றாய். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தம்மா யாரு? புது நர்ஸா?" என்றார். நீ சிரித்துச் சமாளித்தாய். அன்று முழுக்க நீதான் ஊட்டினாய், நீதான் குளிப்பாட்டினாய், என்னைக் கட்டில் பக்கமே விடவில்லை. நான் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அத்தை உன் கையைத் தடவி, "நர்ஸம்மா கை ரொம்ப சுத்தம்" என்றார். நீ பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். குழாய்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

ஞாயிறு நான் சாமியாரிடம் இரண்டு அப்பம் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று அத்தைக்கு, ஒன்று உனக்கு. அத்தையை விட்டு நீ நகரமாட்டாய், பூசைக்குப் போகவில்லையே என்று. நீ அத்தையின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாய். நான் சிமிழைத் திறந்தேன். அவர் உன் கைக்குள் இருந்துகொண்டே என்னைப் பார்த்து, "வந்துட்டியா தும்பி" என்றார்.

வாங்கி முடித்ததும் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "தும்பி, அந்த நர்ஸம்மாவுக்கும் குடு. பாவம், காலையிலேருந்து நிக்குது" என்றார்.

நான் உன்பக்கம் திரும்பி நீட்டினேன். "கிறிஸ்துவின் உடல்." நீ என் விரலையே பார்த்தாய். அத்தையின் தோளை மெதுவாகத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாய்.

மிச்சமிருந்த ஒன்றைத் திரும்பக் கோவிலுக்குக் கொண்டுபோய் நற்கருணைப் பேழையில் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இல்லாத கனம் திருப்பிக் கொண்டுபோகும்போது இருந்தது. வழியில் ஒருத்தி முட்டிவலித் தைலம் கேட்டாள். அவளுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை.

உனக்குப் பெருமை காட்டத்தான் நீட்டினேன் என்று நினைத்தாயா? இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாங்கி வந்தபோது இல்லை. அத்தை அப்படிச் சொன்ன பிறகு, உன்பக்கம் திரும்பினேனே அந்த ஒரு நொடி, அதில் கொஞ்சம் இருந்தது. பதினாறு வருடம் கழித்து இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் கிடைத்து, அதை நீ பார்க்கிறாய் என்று இருந்தது. பெயர் உன்னுடையதாக இருந்தால் என்ன, நிற்கிறவள் நான்.

உன் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாய். எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணி

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

டிக்கெட் அப்படிக் கிடைக்கவில்லை. மாற்றிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் நீட்டியபோது எனக்கு அப்பம் தெரியவில்லை. உங்கள் விரல்தான் தெரிந்தது. 'ஆமென்' என்றால் அம்மா சொன்னதற்கும் சேர்த்து ஆமென் ஆகிவிடும் போலிருந்தது. அவர் மகள் நீங்கள், நான் யாரோ நர்ஸ், ஆமென். அந்த மனதோடு எப்படி வாங்குவது? வாங்கினால் அது வேறு பாவம். ஓடிவிட்டேன். கொல்லையில் துணி காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வெள்ளை உடை அங்கே தொங்கியது. அதைக் கீழே இழுத்துப் போடலாமா என்று நினைத்தேன். இழுக்கவில்லை. ஆனால் நினைத்தேன், சொல்லிவிடுகிறேன்.

அண்ணி, அம்மாவை நீங்கள் புரட்டிப் படுக்கவைப்பதை ஒரு வாரம் பார்த்தேன். நான் ஒரு தடவை முயன்றேன். அம்மா வலியில் கத்தினார். நீங்கள் முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே புரட்டினீர்கள், அவருக்குத் தெரியவே இல்லை. அதற்குத்தான் நான் உங்களிடம் முதலில் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு நாளும் பொறாமை வரவில்லை பாருங்கள். சிமிழைப் பார்த்துத்தான் வந்தது. மலச்சட்டியைப் பார்த்து யாருக்கு வரும்?

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஞாயிறு காலை இன்னும் மணி பார்க்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என்ன சொன்னார், எவ்வளவு வாங்கினார், எல்லாம் எழுதி மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புங்கள். ஒரு வரியையும் விடாதீர்கள். எனக்கு வலிக்கும் வரியையும், உங்களுக்கு வலிக்கும் வரியையும்.

செருப்பு இருக்கட்டும்.

நாத்தனார்

*

அக்டோபர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன். எதையும் விடவில்லை.

முதல் ஞாயிறு: "வந்துட்டியா தும்பி" என்றார். முழுதாக வாங்கினார். தண்ணீர் ஒரு கரண்டி.

இரண்டாவது ஞாயிறு: பெயர் சொல்லவில்லை. வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். பாதிதான் வாங்க முடிந்தது, மீதியை நான் உட்கொண்டேன். "ஆமென்" உதட்டில்தான், சத்தம் வரவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். விழுங்குவது இனிக் குறைந்துகொண்டேதான் போகுமாம். வலி இல்லை என்றார். டாக்டர் சொன்னதை உனக்குத் தனியாக எழுதும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் லீவுக்கு எழுதிப் போடு.

இந்த ஞாயிறு: சிமிழைத் திறந்தேன். அத்தை, "யாரும்மா நீ?" என்று கேட்டார்.

தும்பி என்றால் பொய். அந்தப் பெயரை இனி எடுப்பதில்லை என்று நீ வந்துபோன அன்றே எனக்குள் முடிவு செய்திருந்தேன். மருமகள் என்றால் வாயை மூடிக்கொள்வார். இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "யாரா இருந்தா என்ன, குடு" என்றார். கொடுத்தேன். ஒரு சின்னத் துண்டு. "ஆமென்" நன்றாகக் கேட்டது.

சிமிழைத் துடைத்து மூடினேன். உன்னை மறந்துவிட்டார் என்று உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. மறைக்கக்கூடாது என்றாய், மறைக்கவில்லை. நீயும் இல்லை, நானும் இல்லை, இனி நாம் இருவரும் அடித்துக்கொள்ள இந்தக் கட்டிலில் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கஞ்சியை ஆற்றி எடுத்து வந்தேன்.

அப்போது உன் அண்ணன் உள்ளே வந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டு வந்த மனுஷன், கையில் கிரீஸ்கூடச் சரியாகப் போகவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாள் அத்தையைப் புரட்டியிருப்பாரா? ஒரு துணி அலசியிருப்பாரா? கண் கலங்கினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறதைத் தவிர வேறென்ன செய்தார்? வாசலில் நின்று சும்மா எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அத்தை முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வாடா பெரியவனே, சாப்டியா?" என்றார். என்ன ஒரு தெளிவு. கட்டிலருகில் வந்து குனிந்த மகனின் கன்னத்தைக் கையை நீட்டித் தொட்டார்.

உன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பு. நான் கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உனக்கு இதைச் சொன்னால்தான் ஆறும் என்று உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு எப்படி இருக்கிறது, எழுது. எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணி